ஸ்பேஸ் பாருக்கு எதற்கு அரம்?

கீபோர்டு வாங்கினால் கூடவே ஒரு அரமும் உப்புத்தாளும் வாங்க வேண்டும் என்ற காலம் வந்துவிட்டது. இளைஞர்கள் இதற்கு 'மாட்' என்று பெயர் வைத்துப் பெருமைப்படுகிறார்கள். விற்றவர் பார்க்க வேண்டிய வேலையை வாங்கியவர் தலையில் கட்டுவதில் என்ன பெருமை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் தனி ஸ்விட்ச் உண்டு. அதன் மேல் உட்காரும் பிளாஸ்டிக் தொப்பிதான் கீகேப். இழுத்தால் கழன்று வரும், வேறு மாட்டிக்கொள்ளலாம். ஆனால் ஸ்பேஸ் பார், ஷிஃப்ட், என்டர் போன்ற நீளமானவற்றுக்கு நடுவில் ஒரு ஸ்விட்ச் மட்டும் போதாது. ஓரத்தில் அழுத்தினால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும், அல்லது சிக்கிக்கொள்ளும். அதனால் இரண்டு பக்கமும் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு வைத்து, இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்திருப்பார்கள். இதுதான் ஸ்டெபிலைசர். (ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் 'டக் டக்' என்று சத்தம் போடுமே, அது வேறு!) இன்ஸ்டிட்யூட்டில் ரெமிங்டன் தட்டியவர்களுக்கு நினைவிருக்கும். ஸ்பேஸ் பாரின் எந்த மூலையில் தட்டினாலும் பட்டை முழுவதும் ஒன்றாக இறங்கும். இங்கேயும் அதே ஏற்பாடுதான்.

இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். கண் ஒரு காரணம், விரல் ஒரு காரணம். சாதாரண கீபோர்டில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. பெரிய எழுத்து அச்சிட்ட கீகேப் செட் தனியாகக் கிடைக்கிறது என்று அறிந்து, ஒரு கீபோர்டும் ஒரு செட்டும் வாங்கினேன். எல்லா எழுத்தும் அழகாக உட்கார்ந்தன. ஸ்பேஸ் பார் மட்டும் உட்காரவில்லை. கீபோர்டு கம்பெனிக்குப் போன் செய்தேன் (பெயர் வேண்டாம்). "உள்பக்கம் லேசா அராவிட்டு அழுத்துங்க சார், உட்கார்ந்துடும்" என்றது ஒரு பெண் குரல்.

ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். புதிய ஸ்பேஸ் பாரின் ஓரக் கால்களுக்கு இடையே 100 மில்லிமீட்டர். கீபோர்டில் உள்ள ஸ்டெபிலைசரின் இரண்டு முனைகளுக்கு இடையே 114. இந்த 14 மில்லிமீட்டரை எந்த அரத்தால் அராவுவது?

இதற்கெல்லாம் ஊரறிந்த அளவு ஒன்று இருக்கிறது. ஒரு சாதாரண எழுத்துக்கான இடம் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். அதை ஒரு யூனிட் என்பார்கள். கீழ் வரிசை மொத்தம் 15 யூனிட். கன்ட்ரோல், ஆல்ட் வகையறா ஏழு, ஒவ்வொன்றும் 1.25 யூனிட். மீதி 6.25 யூனிட் ஸ்பேஸ் பாருக்கு. ஜெர்மனியின் செர்ரி கம்பெனி 1980களில் கொண்டுவந்த கூட்டல் குறி வடிவ ஸ்விட்ச் முனையைத்தான், காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு, சீனக் கம்பெனிகளும் செய்கின்றன. அதனால்தான் எங்கோ செய்த தொப்பி வேறெங்கோ செய்த ஸ்விட்சில் உட்காருகிறது. இவ்வளவு நல்ல ஒற்றுமை இருக்கும்போது, என் கீபோர்டுக்காரர் 7 யூனிட் ஸ்பேஸ் பார் வைத்திருக்கிறார். வைக்கட்டும், அதை விரும்பி வாங்குபவர்களும் உண்டு. டப்பாவின் மேல் அதை ஏன் அச்சிடவில்லை? வண்ண விளக்கு பதினெட்டு விதமாக எரியும் என்று அச்சிட இடம் இருந்ததே!

பொழுதுபோக்காகச் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஸ்டெபிலைசர் கம்பிக்கு கிரீஸ் தடவுகிறார்கள், சத்தம் குறைய அடியில் பேண்ட் எய்ட் துண்டு ஒட்டுகிறார்கள். அது அவரவர் ஆசை. தொப்பியின் உள்சுவரில் இருக்கும் மேடு ஸ்டெபிலைசரில் இடித்தால், இடிக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, நகம் தேய்க்கும் அட்டையால் நாலு இழுப்பு இழுப்பதிலும் தப்பில்லை. ஆனால் காலின் துளை இறுக்கமாக இருக்கிறது என்று பலம் கொடுத்து அழுத்தினால் கால் விரிசல் விடும். துளையைக் குடைந்து பெரிதாக்கினால் தொப்பி ஆடும். காலையே அறுத்துத் தள்ளி ஒட்டு என்று சொல்லும் வீரர்களும் இருக்கிறார்கள். விரல் நடுங்கும் எழுபது வயதுக்காரர் கையில் பிளேடைக் கொடுத்து இதைச் செய்யச் சொல்வது நியாயமா?

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அரம் பட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "நீங்க கை வெச்சுட்டீங்க சார், வாரண்டி கிடையாது" என்பார்கள். கை வைக்கச் சொன்னதே அவர்கள்தான்! போனில் சொன்னதற்கு நம்மிடம் அத்தாட்சி ஏது? ஆகவே உட்காராத தொப்பியை அராவாதீர்கள். வந்த நிலையிலேயே திருப்பி அனுப்புங்கள். நான் அனுப்பிவிட்டேன். பணம் வர மூன்று வாரம் ஆயிற்று, நடுவில் நாலு போன்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு ஆறு அங்குல ஸ்கேல் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பேஸ் பார் ஓரத்துக்கு ஓரம் 119 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் அது 6.25 யூனிட். 133 இருந்தால் 7. கடைப் பையன் சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும்.