தயிரும் பால்தானே?

"குழந்தைக்குக் கொஞ்ச நாளைக்குப் பால் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா தயிர் கொடுக்கலாமாம். தயிரும் பால்தானே? இது கூடாதுன்னா அது மட்டும் எப்படிக் கூடும்?"

இளம் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கடிதத்தில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் தெரியாமல் தயிரைக் கொடுத்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும். சில குழந்தைகளுக்கு ஆபத்தாகவும் முடியலாம். அதனால் இந்த முறை தயிர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு விவரமாகப் பேசுவோம்.

நம் குடலின் உட்புறம் வழவழவென்று இருக்காது. பூந்துவாலையைத் தடவிப் பாருங்கள், இழை இழையாக நிற்கிறதல்லவா? சிறுகுடலின் உட்சுவரும் அப்படித்தான். பாலில் இருக்கும் 'லாக்டோஸ்' என்ற சர்க்கரையைச் செரிக்க வைக்கும் 'லாக்டேஸ்' என்ற நொதி அந்த இழைகளின் நுனியில்தான் இருக்கிறது. கடுமையான வயிற்றுப்போக்கு வந்தால் இழைகளின் நுனி தேய்ந்து போகிறது. நொதியும் போய்விடுகிறது. அப்புறம் குழந்தை பால் குடித்தால் சர்க்கரை செரிக்காமல் அப்படியே கீழே இறங்கி, குடலுக்குள் தண்ணீரை இழுக்கிறது. பெருங்குடலில் இருக்கும் கிருமிகள் அதை நொதிக்க வைக்கின்றன. வயிறு உப்புசம், காற்று, நுரைத்துப் புளித்த வாடையோடு தண்ணீராகப் போவது, ஆசனவாய் சிவந்து எரிவது எல்லாம் இதனால்தான்.

ஒரு 200 மி.லி. டம்ளர் பசும்பாலில் 9 முதல் 10 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. கொழுப்பு நீக்கிய பாலிலும் ஏறக்குறைய அவ்வளவேதான். "ஆடை எடுத்துட்டுத்தானே கொடுக்கிறேன்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்!

எந்தக் குழந்தைக்குத் தயிர்?

இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "பால் ஒத்துக்கலை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, மேலே சொன்னது. பால் சர்க்கரை செரிக்காத நிலை. தயிர் உதவுவது இந்தக் குழந்தைக்குத்தான்.

இரண்டாவது, பால் புரதம் ஒவ்வாமை. பால் பட்டதும் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும், உதடு, கண் வீங்கும், வாந்தி வரும், சில குழந்தைகளுக்கு மலத்தில் ரத்தம் தெரியும், மூச்சு இழுக்கும். தயிராக உறைந்தாலும் அந்தப் புரதம் எங்கேயும் போய்விடுவதில்லை. இந்தக் குழந்தைக்குத் தயிர், மோர், பனீர் எதுவும் ஆகாது. எருமைப் பால், ஆட்டுப் பால் என்று மாற்றினாலும் பெரும்பாலும் அதே கதைதான். லாக்டோஸ் நீக்கிய பால் என்று கடையில் விற்பதும் இவர்களுக்கு உதவாது. அதிலும் புரதம் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, 'கேலக்டோசீமியா' என்ற பிறவிக் குறை. மிக அபூர்வம். பிறந்த சில நாட்களிலேயே தெரிய வரும். லாக்டோஸ் உடைந்தால் வருகிற கேலக்டோஸ்தான் இங்கே விஷம். தயிரிலும் அது நிறைய உண்டு. ஆகவே ஒரு சொட்டுக்கூடக் கூடாது.

குழந்தைக்கு எது என்பதை நம் வீட்டுப் பாட்டியோ, எதிர்வீட்டு அக்காவோ, நானோ முடிவு செய்ய முடியாது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் வாய் திறந்து கேளுங்கள்: "சர்க்கரை ஒத்துக்கலையா டாக்டர், இல்லே புரதம் ஒத்துக்கலையா?" இந்த ஒரு கேள்வி பல நாள் அவஸ்தையை மிச்சப்படுத்தும்.

தயிருக்குள் நடப்பது என்ன?

உறை மோரில் இருக்கும் நல்ல கிருமிகள் பாலில் உள்ள லாக்டோஸைத் தின்று புளிப்பு அமிலமாக மாற்றுகின்றன. சாதாரணமாக உறைந்த தயிரில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு லாக்டோஸ் குறைந்திருக்கும். "அவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். இன்னொரு உபகாரமும் உண்டு. அந்தக் கிருமிகளின் உடலிலேயே லாக்டோஸை உடைக்கும் நொதி இருக்கிறது. தயிரோடு குழந்தையின் குடலுக்குள் போய், அங்கேயும் மிச்சச் சர்க்கரையை உடைக்க உதவுகின்றன. உயிருள்ள கிருமிகள் கொண்ட யோகர்ட் லாக்டோஸ் செரிக்க உதவுகிறது என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. இரண்டு வாரம், அதற்கு மேலும் நீடிக்கும் வயிற்றுப்போக்கில், மிருகப் பாலுக்குப் பதிலாகத் தயிர் போன்ற புளித்த பால் உணவைத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் வழி சொல்லியிருக்கிறது.

புது ஞானம் என்று நினைக்காதீர்கள். 1905-ல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் ஜெனீவாவில் இருந்தபோது, தன் நாட்டுத் தயிரில் இருந்த கிருமியைக் கண்டுபிடித்தார். 1919-ல் பார்சிலோனா நகரில் ஐசக் கராஸோ என்பவர் தயிர் செய்து விற்கத் தொடங்கினார். எங்கே விற்றார் தெரியுமா? மருந்துக் கடையில்! குடல் கோளாறால் வாடிய குழந்தைகளுக்காக. இன்று உலகமெங்கும் விற்கும் டானோன் தயிரின் ஆரம்பம் அதுதான்.

பால் விட்டுப் பிசைந்த சாதம்

எங்கள் தெருவில் ஒரு வீடு. ஒன்றரை வயதுப் பையன். பத்து நாள் வயிற்றுப்போக்கில் துவண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மருந்தும் கொடுத்து ஒரு வழியாகத் தேறினான். பால் கொடுத்தால் மட்டும் மறுபடியும் போகிறது. மூன்று வாரம் பாலை நிறுத்தித் தயிர் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். ஐந்து நாள் ஆயிற்று, குணம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கால் சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

"தயிர் சாதம் மட்டும்தான் அக்கா தர்றேன். ஒரு சொட்டுப் பால் கொடுக்கலை" என்று அந்தப் பெண் கண் கலங்கினாள்.

சாதம் பிசையும்போது போய்ப் பார்த்தேன். மாமியார்தான் பிசைந்தார். குழைந்த சாதம், அதில் ஒரு பெரிய கரண்டி காய்ச்சிய பால், அப்புறம் ஒரு ஸ்பூன் தயிர்.

"புளிச்சா முகத்தைச் சுளிக்கிறான்மா. பால் விட்டாத்தான் உள்ளே இறங்குது" என்றார்.

அந்த அம்மாள் செய்ததில் என்ன தப்பு? நம் எல்லார் வீட்டிலும் குழந்தைக்கு அப்படித்தானே பிசைகிறோம்! பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுக்கும்போதும், பிரயாணத்துக்கும் புளிக்காமல் இருக்கப் பால் விடுவதுதான் வழக்கம். பாசத்தால் செய்வது. ஆனால் அரை டம்ளர் பால் சேர்ந்தால் கிட்டத்தட்ட 5 கிராம் லாக்டோஸ் உள்ளே போகிறது. பெயர்தான் தயிர் சாதம். உண்மையில் அது பால் சாதம்.

பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன்: "அம்மா, இவனுக்குப் புளிப்புதான் இப்போ மருந்து. புளிச்சிருக்குன்னா சர்க்கரை குறைஞ்சிருக்குன்னு அர்த்தம்." அவர் யோசித்தார். "ராத்திரியிலே தயிர் கொடுத்தா சளி பிடிக்குமே?" என்றார். ராத்திரி வேண்டாம், காலையிலும் மதியமும் கொடுங்கள் என்றேன். தயிரால் சளி வருவதில்லை, கிருமியால்தான் வருகிறது. ஆனாலும் ஒரு வேளைக்காக ஒரு வீட்டில் சண்டை மூட்டுவானேன்? மறுநாளிலிருந்து பாலுக்குப் பதில் வெந்நீர் விட்டுச் சாதத்தை மசித்து, ஆறிய பிறகு தயிர் சேர்த்தார்கள். நாலைந்து நாளில் மலம் கெட்டிப்பட்டது. பையன் தட்டைத் தானே இழுத்துக்கொள்ள ஆரம்பித்தான்.

இந்தக் குழந்தைக்கென்று உறை ஊற்றும் முறை

பெரியவர்களுக்கு ஊற்றும் தயிரிலிருந்து எடுத்துக் கொடுக்காமல், குழந்தைக்கென்று தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் ஊற்றுங்கள்.

1. பாத்திரம், ஸ்பூன், மூடி எல்லாவற்றையும் கொதிக்கும் வெந்நீரில் அலசி, ஈரம் போகக் கவிழ்த்து வையுங்கள். பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் எதுவும் சரி.

2. அரை லிட்டர் பாலை, பாக்கெட் பாலானாலும், பொங்க விட்டு, பிறகு சின்னத் தணலில் ஐந்து நிமிஷம் வையுங்கள். வேண்டாத கிருமிகள் சாகும். தயிரும் கெட்டியாக உறையும். கெட்டியாகட்டும் என்று பால் பவுடர் சேர்க்காதீர்கள்! கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி லாக்டோஸ்தான்.

3. வெதுவெதுப்பாக ஆற விடுங்கள். மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இதமான சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. 40 டிகிரி செல்சியஸ் அளவு. ரொம்பச் சூட்டில் உறை மோர்க் கிருமிகள் செத்துவிடும். ஆறி அவலானால் மந்தமாகிவிடும்.

4. முதல் நாள் தோய்த்த புதுத் தயிரில் இரண்டு டீஸ்பூன் எடுத்து, கொஞ்சம் பாலில் கரைத்து, மொத்தப் பாலிலும் கலந்து, இரண்டு முறை ஆற்றி ஊற்றுங்கள். உறை மோர் இல்லாத நாளில் மிளகாய்க் காம்பு போடும் பழக்கம் நமக்கு உண்டு. தேறி வருகிற குழந்தைக்கு அது வேண்டாம். என்ன கிருமி வளரும் என்று சொல்ல முடியாது.

5. மூடி வைத்துவிட்டு ஆட்டாமல் அசைக்காமல் விடுங்கள். சென்னை வெயிலில் 5, 6 மணி நேரம் போதும். மார்கழிக் குளிரில் 8 முதல் 10 மணி நேரம் ஆகும். அப்போது துண்டு சுற்றி அரிசி டிரம்முக்குள்ளோ ஹாட்பேக்கிலோ வைக்கலாம்.

6. வழக்கமாக உறைந்தவுடன் ஃபிரிஜ்ஜுக்குள் தள்ளிவிடுவோம். இந்தக் குழந்தைக்கு மட்டும் உறைந்த பிறகும் இரண்டு, மூன்று மணி நேரம் வெளியிலேயே விடுங்கள். இன்னும் கொஞ்சம் சர்க்கரை குறையும். லேசாகப் புளிப்பு ஏறியதும் உள்ளே வைத்து, அன்றைக்கும் மறுநாளைக்கும் பயன்படுத்துங்கள். நூல் நூலாக இழுத்தாலோ, நுரைத்தாலோ, கசந்தாலோ, நிறம் மாறினாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

எவ்வளவு புளித்தாலும் லாக்டோஸ் அறவே இல்லாமல் போகாது. ஒரு அளவுக்கு மேல் அந்தப் புளிப்பே கிருமிகளைக் கட்டிப் போட்டுவிடும். ரொம்பவும் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு, தயிரைச் சுத்தமான மெல்லிய துணியில் கட்டி இரண்டு மணி நேரம் ஃபிரிஜ்ஜுக்குள்ளேயே வடிய விடலாம். வடியும் தண்ணீரோடு லாக்டோஸில் ஒரு பகுதி போய்விடும். கெட்டித் தயிர் நிற்கும்.

கொடுக்கும் போது

முதல் நாள் இரண்டு மேஜைக் கரண்டி, ஒரு வேளை. வயிறு சும்மா இருந்தால் மறுநாள் இரு வேளை. பிறகு மெல்லக் கூட்டுங்கள். கொதிக்கிற சாதத்தில் தயிரை விட்டால் உயிருள்ள கிருமிகள் செத்துப் போகும். சாதம் கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். புளிப்பு பிடிக்காவிட்டால் மசித்த வாழைப்பழம் சேர்க்கலாம். கடையில் விற்கும் பழ வாசனைத் தயிரில் சர்க்கரை அதிகம். அது வேண்டாம்.

பால் இல்லாத நாட்களில் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன செய்வது? ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் தயிரில் ஏறக்குறைய 120 கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 300-க்கு மேலே இருக்கிறது. கேழ்வரகுக் கூழில் பாலுக்குப் பதில் தயிர் கரைத்துக் கொடுங்கள். இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையானால் அதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அதிலும் லாக்டோஸ் உண்டுதான். ஆனாலும் வயிற்றுப்போக்கில் தாய்ப்பாலைத் தொடர்வதே நல்லது. (கேலக்டோசீமியா என்று மருத்துவர் சொன்ன குழந்தைக்கு மட்டும் இது பொருந்தாது.) ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தயிர் கூடாது.

கண் குழிந்து, நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை எதையும் குடிக்காமல் துவண்டாலோ தயிர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மற்றபடி கவலை வேண்டாம். தேய்ந்த குடல் இழைகள் பெரும்பாலும் சில வாரங்களில் மறுபடி வளர்ந்துவிடும். மருத்துவர் சொன்ன கெடு முடிந்ததும், கால் டம்ளர் பாலைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் மூன்று நாளைக்கு ஒரு முறை கொஞ்சம் கூட்டுங்கள். என்றைக்கு எவ்வளவு கொடுத்தோம், எத்தனை முறை போனான் என்று காலண்டர்த் தாளில் குறித்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது அந்தத் தாளை நீட்டினால் போதும்.