"நிறம் மாறவில்லை" என்று எழுதிய மாணவனுக்கு



போன வாரம் சேத்தியாத்தோப்பில் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள், ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் என் தங்கை மகளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இன்னும் எத்தனை வருஷம்மா எலியை வச்சே படிப்ப?" சிரித்துச் சமாளித்தாள். இரவு திண்ணையில் உட்கார்ந்து, "மாமா, எட்டு மாச வேலை வீணாப் போச்சு" என்றாள்.

அவள் ஆராய்வது சுண்டெலியின் மண்ணீரலை. நோய் எதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்ற புரதங்கள் உண்டு. வெறும் நுண்ணோக்கியில் அவை தெரியாது. குறிப்பிட்ட ஏற்பியை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தை இணைத்து, மெல்லிய திசுச் சீவலின் மேல் விடுவார்கள். ஒளிர்ந்த இடத்தில் ஏற்பி இருக்கிறது என்று பொருள். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆல்பர்ட் கூன்ஸ் உருவாக்கிய வழி இது.

இதை எலி விளையாட்டு என்று நினைக்காதீர்கள். எச்.ஐ.வி. கிருமி நம் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்வது சிடி4 என்ற ஏற்பியைத்தான். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக அந்தத் தொற்றைக் கண்டறிந்தார்கள். 2004-ல் அரசு இலவசக் கூட்டுமருந்து கொடுக்கத் தொடங்கியபோது, யாருக்கு மருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்ய சிடி4 எண்ணிக்கையைப் பார்த்தார்கள். அந்தச் செல்களை எண்ணியதும் ஒளிரும் ஆன்டிபாடிகளைக் கொண்டுதான். ஒளி பொய் சொன்னால் ஒருவருக்கு மருந்து தள்ளிப்போகும்.

ஒளி பொய் சொல்லுமா? சொல்லும். சில செல்கள் எந்த ஆன்டிபாடி வந்தாலும் அதன் வாலைப் பிடித்துக்கொள்ளும். சில திசுக்கள் சாயமே இல்லாமல் ஒளிரும். அதனால், அந்த ஏற்பிக்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் திசுவிலும் இதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். அங்கே ஒளிரக் கூடாது. இவளுக்கு அங்கேயும் பளிச்சென்று ஒளிர்ந்துவிட்டது. எட்டு மாதம் பார்த்த ஒளியை நம்ப முடியாது என்றாகிவிட்டது. யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே போய்த் தன் கைடிடம் சொல்லிவிட்டாள்.

இதை வீண் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் வகுப்பில் அரிசிக் கஞ்சியில் அயோடின் விடும் சோதனை. எல்லோரும் "கருநீலமாக மாறியது" என்று எழுதினார்கள். பாதிப் பேர் கஞ்சியைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்து எழுதியது எனக்கும் தெரியும். ஒரே ஒரு பையன் "நிறம் மாறவில்லை" என்று எழுதினான். சிவப்பு மையில் அடித்தேன். அவன் கஞ்சி கொதிக்கக் கொதிக்க இருந்தது. சூட்டில் அந்த நீலம் நிற்காது, ஆறினால்தான் தெரியும். அவன் கண்ணால் கண்டதை எழுதினான். நான் மார்க் போட்டது காணாததை எழுதியவர்களுக்கு.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளிடம் "எப்போ முடியும்?" என்று கேட்காதீர்கள். "என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். அவசரப்படுத்தினால் அவர்களும் புத்தகத்தைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

தம்பி, இதைப் படித்தால் பின்னூட்டத்தில் ஒரு வார்த்தை எழுது. அன்று தப்பு செய்தது நான்தான்.

அன்புடன்,
உங்கள் சார்