தெய்வப்பிறவி என்னும் சாக்கு

உ. வே. சாமிநாதையரையும் சி. வை. தாமோதரம்பிள்ளையையும் தெய்வப்பிறவிகளென மேடைதோறும் போற்றுவது தமிழன்பர் பலர்க்கு வழக்கமாகிவிட்டது. இப்போற்றுதலினுள்ளே சோம்பல் ஒளிந்திருக்கின்றது. பிறவித்திறனே காரணமாயின், பின்வந்தோர்க்கு உழைக்கும் கடப்பாடு இல்லாதொழியுமன்றோ!

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த ஐயர், அவ்வாண்டிலேயே சீவகசிந்தாமணி ஆராய்ச்சியிற் புகுந்தார். நூல் அச்சேறியது 1887இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வகுப்புகளைக் கைவிட்டாரல்லர். ஏடுகளை ஒப்புநோக்கல், பாடபேதம் குறித்தல், உரையில் வரும் மேற்கோளுக்கு மூலந்தேடல் என்பனவே அவர்தம் அன்றாடப் பணிகள். ஒருநாட் பணியைத் தனியே நோக்கின் அற்பமாகவே தோன்றும். சிறுப்பிட்டியிற் பிறந்த பிள்ளையவர்களும் அரசாங்க உத்தியோகத்திலிருந்தவாறே 1881இல் வீரசோழியத்தைப் பதிப்பித்தார்.

ஓய்வு வாய்த்தபின் எழுதலாமென ஆய்வேட்டை ஒத்திவைப்போர், அவ்விருவர்க்கும் எந்த ஓய்வு வாய்த்ததென்று கூறுவார்களா? பரீட்சைக்கு முந்திய மாதத்தில் மட்டும் விளக்கெரிக்கும் மாணவர்க்கும் இவ்வினா உரியதே. (அன்னோர் நினைவுவிழாவிற் பேசமட்டும் பின்னிற்பதில்லை.) ஈழத்து ஏட்டுச்சுவடிகள் பல இன்றும் ஒப்புநோக்குவாரின்றிச் செல்லரித்துக் கிடக்கின்றன. நாளொன்றுக்கு ஓரேட்டைப் படித்தெழுதுவதற்குத் தெய்வப்பிறவி எதற்கு?