கோயில் சட்டை போட்டால் பெண்கள் பெட்டியில் ஏறலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில்ல பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு, செந்தூலில் கொமுட்டர் ஏறினேன். பத்துமலையிலிருந்து வரும் வண்டி. பெண்கள் பெட்டி. உள்ளே ஐந்து ஆண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாங்க. நெற்றி நிறைய விபூதி. அதில் இரண்டு பேர் எங்கள் கோயில் தொண்டூழியர்கள், நான் போட்டிருந்த அதே சட்டையில்.

கல்லூரிப் பிள்ளை ஒருத்தி, "அண்ணே, இது பெண்கள் பெட்டிண்ணே"னு மரியாதையாத்தான் சொன்னாள். பதில் என்ன தெரியுமா? "சாமி கும்பிட்டுட்டு வர்றோம்மா, உன்னை என்ன பண்ணிடப் போறோம்?" அதுக்கு ஒரு சிரிப்பு வேற. அந்தப் பிள்ளை கதவோரமா போய் நின்னுக்கிட்டா. நானும் வாயைத் திறக்கல. நம்ம ஆளுங்க, நாளைக்கு முகத்தில் முழிக்கணுமேன்னு கைப்பேசியைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

மிட்வேலியில் இறங்கும்போது அவள் என் சட்டையைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, நீங்களும் கோயில்தானே? ஏன் ஒண்ணும் சொல்லல?"

ஒரு வாரமாச்சு. இன்னும் அந்தக் கேள்வி என்னை விடல.

இந்தப் பெட்டி 2010-ல் வந்தது. கூட்டத்தில் பெண்களை உரசுகிறவர்கள் இருந்ததால்தான் வந்தது. கதவில், கண்ணாடியில் இளஞ்சிவப்பில் ஒட்டி, படமும் போட்டிருக்கு. தெரியாமல் ஏறினேன்னு யாரும் சொல்ல முடியாது.

"நாங்க நல்லவங்க"ன்னு சொல்றீங்க. இருக்கலாம். அது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? விபூதியைப் பார்த்து நம்பணுமா? தப்பு செய்கிறவனும் விபூதி பூசிக்கொள்ளலாமே. நீங்க நல்லவரா கெட்டவரான்னு அந்தப் பெட்டி கேட்கல. அவள் பயமில்லாமல் வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான்.

"மத்த இனத்து ஆளுங்களும்தானே ஏறுறாங்க?" ஏறுறாங்க, நானும் பார்க்கிறேன். ஆனா அவங்க யாரும் முதுகில் கோயில் பேரை எழுதிக்கிட்டு ஏறல. ஒரு கேள்வி கேட்கிறேன். திருவிழாவில் கயிறு கட்டி ஆண் வரிசை, பெண் வரிசைன்னு பிரிக்கிறது யாரு? நாமதானே! ஒருத்தர் கயிறு தாண்டினா விசில் ஊதி விரட்டுறோமே. அந்தக் கயிற்றுக்கு இருக்கிற மரியாதை ரயில் கதவுக்கு ஏன் இல்ல?

இன்னொன்றும் சொல்லிடுறேன். வண்டியில் சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருந்தும் பொங்கல் பொட்டலத்தைப் பிரிச்சு, நெய்க் கையை இருக்கையில் துடைக்கிறோம். பிரசாதம்னா விதி கிடையாதா? கோயிலில் பாட்டிக்குக் கைகொடுத்துப் படி ஏற்றுகிறோம். ரயிலில் அதே வயசு மக்சிக் நின்னா கண்ணை மூடித் தூங்குறோம். தொண்டு கோயில் வாசலோடு முடியுற வேலைன்னா அது தொண்டு இல்ல, டூட்டி.

"நம்ம குறையை நாமே ஊருக்குச் சொல்லலாமா?"ன்னு இன்பாக்ஸில் வருவீங்க. ஐயா, ஊரு நம்மளோட அதே வண்டியிலதான் வருது. நான் சொல்லித்தான் தெரியணுமா?

கோயில் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை பிரிச்சுக் கொடுக்கும்போது இதையும் சொல்லுங்க. சட்டையோடு ரயில் ஏறினால் ஆண்கள் பெண்கள் பெட்டிப் பக்கம் போகக் கூடாது. முடியாதுன்னா சட்டையைக் கழற்றிப் பையில் வைக்கச் சொல்லுங்க.

அந்த ரெண்டு தம்பிகளும் இதைப் படிப்பீங்கன்னு தெரியும். பரவாயில்ல. ஞாயிற்றுக்கிழமை நேரிலும் சொல்வேன். அன்றைக்கே சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு.

அந்தப் பிள்ளை இதைப் படித்தால்: மன்னிச்சிடும்மா. அடுத்த தடவை நீ தனியா கேட்க வேண்டியிருக்காது.