அயன்மொழிப் படம் பகையன்று!

"தனித்தமிழ்ப் பற்றாளர் அயன்மொழிப் படம் பார்ப்பதா?" என நம்மவருள் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். நாம் எதிர்ப்பது மொழித்திணிப்பை, பிறமொழியை அன்று. இவ்வேறுபாடு அறியாதார் தமிழுக்கு அரண் செய்யார், சிறையே செய்வர்.

ஈரானியரான அப்பாசு கியாரொசுத்தாமி 1987-இல் பாரசீகத்தில் எடுத்த 'நண்பனின் வீடு எங்கே?' என்னும் படத்தைப் பாருங்கள். தோழனின் குறிப்பேட்டைத் தவறி எடுத்து வந்துவிட்ட சிறுவன், அதனைத் திருப்பித்தர ஊர்விட்டு ஊர் ஓடுகிறான். ஏன்? குறிப்பேட்டில் வீட்டுப்பாடம் எழுதாது வந்தால் பள்ளியினின்று நீக்குவதாக ஆசிரியர் அச்சுறுத்தியிருக்கிறார். முப்பதாண்டு கற்பித்த நான், அவ்வாசிரியர் முகத்தில் என்னையே கண்டு நாணினேன்.

அடிதடியில்லை, ஆட்டமில்லை. கோக்கர் என்னும் சிற்றூரும் அவ்வூர்ச் சிறுவருமே உண்டு. 1989-இல் இலொகார்னோ திரைவிழா அதற்கு வெண்கலச் சிறுத்தைப் பரிசளித்தது. தம் மண்ணைத் தம் மொழியிற் காட்டியவரை உலகம் தேடிவந்தது. ஆங்கிலத் தலைப்பும் கலப்புரையும் இன்றேல் படம் ஓடாது என்பார், இதற்கு என்ன விடை சொல்வர்?

மாற்றுக்குரலில் வேண்டா, பாரசீக ஒலியிலேயே கேளுங்கள். தன் தாய்மொழியைக் காப்பவனே பிறன் தாய்மொழியை மதிப்பான்!