தானாகத் தின்னும்வரை விற்காதீர்கள்

ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் கதிர் முற்றும் காலத்தில் வயலில் இறங்கும் பச்சைக்கிளிக் கூட்டத்தில் இளங்கிளிகளும் உண்டு. மூத்தவற்றைப் பார்த்து அவை தின்னப் பழகுகின்றன. கூண்டுக் குஞ்சுக்கு அந்த வாய்ப்பில்லை, பொறுப்பு வளர்ப்பவருடையது.

'லவ் பேர்ட்ஸ்' என்று நம்மவர்கள் அழைக்கும் அவுஸ்திரேலியக் குருவியின் குஞ்சு ஏறக்குறைய 5 வாரத்தில் கூட்டைவிட்டு வெளியேறும். அதன் பின்னரும் சில நாட்கள் தந்தைப் பறவையே ஊட்டும். கொக்கட்டியல் குஞ்சு தானாகத் தின்ன 8 முதல் 10 வாரங்கள் செல்லும்.

ஊட்டி வளர்த்தால்தான் பழகும் என்று கூறி, தின்னத் தெரியாத குஞ்சுகளை விற்கும் வழக்கத்தை ஏற்பதற்கில்லை. ஊட்டும் கூழ் 40 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். மிகச் சூடானால் தீனிப்பை வெந்துபோகும். ஆறினால் செரிக்காமல் புளிக்கும். வழிதவறினால் நுரையீரலில் புகும். பயிற்சியற்ற கைகளுக்கு இது ஏற்ற வேலையன்று. தாய் தந்தை வளர்த்த குஞ்சும் அன்பாகக் கையாண்டால் பழகும்.

ஊட்டுவதை ஒரே நாளில் நிறுத்துவதும் கொடுமையே. தினைக்கதிர், ஊறவைத்த தானியம், கீரை ஆகியவற்றை எந்நேரமும் எட்டும்படி வைத்து, ஊட்டும் வேளைகளை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். இரவு வேளையைக் கடைசியாகவே நிறுத்த வேண்டும். கொத்துவதெல்லாம் தின்பதாகாது. மாலையில் தீனிப்பை நிறைந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும், நாள்தோறும் எடை பார்ப்பதுமே உண்மையைச் சொல்லும்.

வாங்குவோரே, விலை பேசுமுன் அக்குஞ்சு தானே உமி நீக்கித் தின்பதைக் கண்ணால் காணுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.