ஒரு டாலர், மூன்று துண்டு

பழைய சிநேகிதனைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் முதல் மூன்று நிமிஷம் அமர்க்களமாகப் போகும். 'டேய்!' என்று கத்துவோம். முதுகில் அறைவோம். 'என்னடா, இப்படி சதை போட்டுட்டே' என்போம். நாலாவது நிமிஷத்தில்தான் சிக்கல். அவன் வாட்சைப் பார்ப்பான். நாம் கூரையைப் பார்ப்போம். 'அப்புறம்...?' என்று யாராவது இழுத்தால் ஆட்டம் க்ளோஸ்.

இந்த நாலாவது நிமிஷத்தை வைத்து ஹாலிவுட்டில் ஒரு டான்ஸ் படமே எடுத்திருக்கிறார்கள். 1955-ல், எம்.ஜி.எம். கம்பெனி. படத்தின் பெயர் 'இட்ஸ் ஆல்வேஸ் ஃபேர் வெதர்'. எப்போதும் நல்ல வானிலை என்று அர்த்தம். இங்கிலீஷில் 'ஃபேர் வெதர் ஃப்ரெண்ட்' என்றால், வானம் தெளிவாக இருக்கும்வரை மட்டும் கூட வருகிற ஆசாமி. பெயரிலேயே ஊசியை வைத்துவிட்டார்கள்.

'சிங்கிங் இன் தி ரெய்ன்' தெரியாதவர்கள் குறைவு. குடையை மடக்கிவிட்டுக் கொட்டுகிற மழையில் ஜீன் கெல்லி ஆடுவாரே, அந்தப் படம். அதே கெல்லி, அதே ஸ்டான்லி டோனன் இரண்டு பேரும் சேர்ந்துதான் இதையும் டைரக்ட் செய்தார்கள். எழுதியதும் அதே பெட்டி காம்டன் - அடால்ஃப் கிரீன் ஜோடிதான். ஆனால் மழைப் படத்தைக் கொண்டாடுகிற பலருக்கு இந்த வெயில் படத்தின் பெயர்கூடத் தெரியாது!

கதை இதுதான். 1945. உலக யுத்தம் முடிந்து மூன்று சிப்பாய்கள் நியூயார்க் திரும்புகிறார்கள். கெல்லி, டான் டெய்லி, மைக்கேல் கிட். ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து 'சாகிறவரை நாம ஃப்ரெண்ட்ஸ்' என்கிறார்கள். பத்து வருஷம் கழித்து இதே தேதியில் இதே கடையில் சந்திப்பதாகச் சத்தியம். சாட்சிக்கு ஒரு டாலர் நோட்டை மூன்றாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு. (மூன்றில் ஒரு பங்கு நோட்டைத் தனியாகக் கொண்டுபோனால் எந்த பாங்க்காரனும் மதிக்கமாட்டான். மூன்று பேரும் வந்தால்தான் ஒரு டாலர். யோசித்துத்தான் கிழித்திருக்கிறார்கள்.)

பிரிவதற்கு முன் நடுத்தெருவில் ஓர் ஆட்டம். குப்பைத் தொட்டி மூடி இருக்கிறதல்லவா, அதன் கைப்பிடிக்குள் ஒரு பாதத்தைச் செருகிக்கொண்டு மூன்று பேரும் டங்கு டங்கென்று ஆடுகிறார்கள். நமக்கெல்லாம் செருப்பு மாறினாலே நடை கோணும். இந்த மனுஷர்கள் ஒரு காலில் தகர மூடியோடு தாளம் தப்பாமல் ஆடுகிறார்கள்.

பத்து வருஷம் ஓடுகிறது. மூன்று பேரும் சொன்னபடி வருகிறார்கள். ஓவியனாக ஆசைப்பட்ட டெய்லி, டெலிவிஷன் விளம்பரத்தில் பெரிய அதிகாரி. வயிற்றில் அல்சர். பெரிய சமையல் கலைஞனாகக் கனவு கண்ட கிட் சின்ன ஊர் ஒன்றில் ஹாம்பர்கர் கடை போட்டிருக்கிறார். கெல்லி சூதாட்டப் பேர்வழி. சூதில் ஜெயித்த ஒரு குத்துச்சண்டை வீரனுக்கு மேனேஜர்!

பெரிய ஹோட்டலில் சாப்பிட உட்காருகிறார்கள். வந்துவிட்டது நாலாவது நிமிஷம். யாரும் வாய் திறப்பதில்லை. ஸ்ட்ராஸின் 'ப்ளூ டான்யூப்' மெட்டில், 'நான் வந்திருக்கவே கூடாது' என்று ஒவ்வொருவரும் மனசுக்குள்ளேயே பாடிக்கொள்கிறார்கள். உலகத்திலேயே ஜாலியான வால்ட்ஸ் மெட்டு அது. சிரித்துக்கொண்டே பார்த்தேன். முடிந்தபோது எனக்குத் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

இன்னொரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். அடியாட்களிடமிருந்து தப்பித்து ஸ்கேட்டிங் அரங்கத்துக்குள் நுழைகிற கெல்லி, காலில் சக்கரம் இருப்பதை மறந்து அப்படியே தெருவுக்கு வந்துவிடுகிறார். ஒரு பெண்ணுக்கு நம்மைப் பிடித்திருக்கிறது, அப்படியானால் நாம் அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறதே என்ற சந்தோஷம். அந்தச் சக்கரத்தோடேயே டாப் டான்ஸ்! அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

அந்தப் பெண் சிட் சாரிஸ். டெலிவிஷனில் வேலை. மூன்று நண்பர்கள் பிரிந்து சேர்ந்த கதையை நேரடி ஒளிபரப்பில் காட்டி ஜனங்களை அழவைப்பது அவர் திட்டம். சினிமாக் கூட்டத்தை டி.வி. இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த எரிச்சலில் டி.வி.யைப் படம் முழுக்கக் கிண்டலடித்துத் தீர்த்திருக்கிறார்கள். டி.வி. சும்மா விடுமா? இது அகலத் திரையான சினிமாஸ்கோப்பில் எடுத்த படம். திரையை மூன்றாகப் பிரித்து மூன்று நண்பர்களும் தனித்தனி இடத்தில் ஒரே நேரத்தில் ஆடுகிற காட்சியெல்லாம் உண்டு. சதுர டி.வி. பெட்டிக்காக அந்தக் காட்சியின் இரண்டு ஓரத்தையும் நறுக்கினால் என்ன ஆகும்? மூன்றில் இரண்டு நண்பர்கள் அம்பேல்!

காமர்ஸ் படித்தவன் புத்தி, கணக்கைப் பார்க்காமல் இருக்காது. பார்த்தேன். பத்து லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். ஆஸ்காருக்கு இரண்டு பரிந்துரை, கையில் பூஜ்யம்.

ஆனால் பெரிய நஷ்டம் அந்தப் பேரேட்டில் இல்லை.

1940-ல் பிராட்வேயில் 'பால் ஜோயி' என்ற நாடகம். கெல்லி அதில் ஹீரோ. பின்வரிசையில் ஆடிய பையன்களில் ஒருவன் டோனன், பதினாறு வயது. அங்கே ஒட்டிக்கொண்ட சிநேகம் ஹாலிவுட் வரை வந்தது. 1949-ல் 'ஆன் தி டவுன்', 1952-ல் மழைப் படம், இரண்டையும் சேர்ந்தே டைரக்ட் செய்தார்கள். 1954-ல் டோனன் தனியாக எடுத்த 'செவன் ப்ரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' சக்கைப்போடு போட்டது. பையன் பெரியவனாகிவிட்டான். இனி ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்காருவது கஷ்டம். ஆனாலும் இந்தப் படத்துக்காக உட்கார்ந்தார்கள். படப்பிடிப்பு முழுக்க உரசல். டோனன் கடைசிவரை அந்த நாட்களைக் கசப்போடுதான் நினைவுகூர்ந்தார். அதன்பிறகு இருவரும் சேர்ந்து ஒரு படம்கூட டைரக்ட் செய்யவில்லை. கெல்லி 1996-ல் போனார். டோனன் 2019-ல்.

நண்பர்களுக்குப் பேச ஒன்றுமில்லாமல் போவதைப் பற்றி, பேச்சு அறுந்துகொண்டிருந்த இரண்டு நண்பர்கள் எடுத்த படம். இதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் தடவை பார்த்தபோது, அந்த 'ப்ளூ டான்யூப்' காட்சியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தில் கடைசியில் மூன்று பேரும் சேர்ந்துவிடுகிறார்கள். பேசித் தீர்த்து அல்ல. அடியாட்கள் கெல்லியைச் சூழ்ந்தபோது மற்ற இருவரும் கோட்டைச் சரிசெய்துகொண்டு நிற்கவில்லை, கையை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவுதான். பிறகு பழைய கடையில் ஒரு கிளாஸ். வாசலில் பிரிகிறார்கள், ஆளுக்கொரு பக்கமாக. இந்தத் தடவை சத்தியம் இல்லை. தேதி இல்லை. நோட்டும் கிழிக்கவில்லை.

கெல்லி - டோனன் கணக்கு நஷ்டத்தில்தான் முடிந்தது. ஆனால் அந்தக் குப்பைத் தொட்டி மூடி ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். சரக்கு எழுபது வருஷமாகியும் கெடவில்லை. அகலத் திரையில் முழுசாகப் பாருங்கள், யாரும் ஓரத்தில் வெட்டுப்படாமல். மூன்று பேரும் தெரியவேண்டும்.